நாற்பத்து மூன்றாம் படி

ஜூன் 2, திங்கள்

எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. இதை முதல்லயே எழுதி வச்சுடறேன். அப்புறம் யாரும் கேக்கக் கூடாது.

நேத்து பெருந்துறையில இவரு சித்தப்பா பொண்ணு கல்யாணம். பந்தியில பக்கத்து இலைக்காரரு, "தம்பி என்ன பண்றீங்க?"ன்னு கேட்டாரு. என் வீட்டுக்காரரு விளக்கினாரு: "வீடியோ கேம் ஆடறவங்க நடுவுல வழி தெரியாம மாட்டிக்குவாங்கல்லங்க, அவங்களுக்கு எப்படித் தாண்டறதுன்னு படிப்படியா எழுதித் தர்றோம். 'ஆட்டப்பாதை'ன்னு ஒரு சைட்டு." அது வரைக்கும் சரி. அந்தப் பெரியவரு என்னைக் காட்டி, "அம்மணியும் இதே வேலைதானா?"ன்னாரு. அதுக்குத் திருவாளர் தனபால் திருவாய் மலர்ந்தது: "எழுதறதெல்லாம் நானுங்க. இவ சும்மா படம் புடிச்சுப் போடுவா."

சும்மாவாம்.

கையில எடுத்த ஜாங்கிரியை இலையிலயே வச்சுட்டேன். நாலு வருசமா ஈரோட்டுல ஒரே வீட்டுல, ஒரே மேசையில, எதிரெதிரே உக்காந்து வேலை பாக்கறோம். ஒரு படத்துக்காக விளையாட்டுக்குள்ள நான் எத்தனை தடவை செத்துப் பொழைக்கறேன்னு இவருக்குத் தெரியாதா? அம்பு போட்டு, வட்டம் போட்டு, இருட்டா இருந்தா வெளிச்சம் கூட்டி, போன்ல தெரியுதான்னு பாத்து... சும்மாவாம்.

நேத்தோட பேச்சு நின்னுச்சு. நான் நிறுத்தல. அதுவா நின்னுருச்சு.

ஜூன் 3, செவ்வாய்

நூர்ஜகான் மேடம் சென்னையில இருந்து வீடியோவுல வந்தாங்க. எங்க ஆசிரியர். நல்லவங்க, ஆனா நல்ல சேதியா சொல்ல மாட்டாங்க.

அடுத்த மாசத்துல இருந்து எங்க ரெண்டு பேருல ஒருத்தருக்குத்தான் வேலையாம். மேலிடத்து முடிவு. யாரை வெக்கறதுன்னு அவங்களால சொல்ல முடியலையாம். அதனால 'ஆழிக்கோட்டை' விளையாட்டுக்கு ஒரே ஒரு வழிகாட்டி நாங்க சேந்து பண்ணணும். கடலுக்குள்ள மூழ்கின கோட்டைக்குள்ள போயி ராணியோட மோதிரத்தை எடுத்துட்டு வெளிய வரணும், மொத்தம் ஐம்பத்தெட்டு படி. 17-ம் தேதி காலையில வெளிவரும். அடியில ஒரு கேள்வி இருக்கும்: உங்களுக்கு அதிகம் உதவினது எழுத்தா, படமா? ரெண்டு நாள் ஓட்டு. எது ஜெயிக்குதோ அவங்க இருப்பாங்க.

"படம் அறுபதைத் தாண்டக் கூடாது சுகந்தி. தனபால், ஒரு படிக்கு நாலு வரிதான். பஸ்ல ஒரு கையில கம்பியப் புடிச்சுட்டு நிக்கிறவன் போன்லயும் சட்டுனு திறக்கணும்."

ரெண்டு பேரும் "சரிங்க மேடம்"னோம். ஒரே நேரத்துல. அது தற்செயல்.

ஜெயிக்கத்தான் போறேன். ஜெயிச்சதும் நேரா பெருந்துறைக்குப் போயி அந்தப் பெரியவரைத் தேடிப் புடிச்சுச் சொல்லிட்டு வருவேன்.

ஜூன் 4, புதன்

ரசத்துல உப்பு போட மறந்துட்டேன். வேணும்னு இல்ல. அவரு ரெண்டு கை வாங்கிச் சாப்பிட்டாரு, ஒரு வார்த்தை சொல்லல. அழுத்தம்!

ஜூன் 6, வெள்ளி

வேலை ஆரம்பிச்சாச்சு. வழக்கம்போலத்தான்: அவரு தன்னோட ஃபைல்ல படிக்குப் படி எழுதுவாரு, நான் என்னோட ஃபோல்டர்ல படிக்குப் படி நம்பர் போட்டுப் படம் வெப்பேன். வெளியிடற அன்னிக்கு சைட்டே ரெண்டையும் நம்பர் பாத்துச் சேத்துக்கும். சில படிக்குப் படம் மட்டும் இருக்கும், சிலதுக்கு எழுத்து மட்டும் இருக்கும். அது ஏன்னு சைட்டு கேக்காது.

எப்பவும் கடைசி நாள் பக்கத்துல பக்கத்துல உக்காந்து, அவரு சத்தமாப் படிக்க, நான் படத்தைத் தட்ட, ஒரு தடவை ஒத்துப் பாப்போம். இந்தத் தடவை அது வேண்டாம்னு நான் முடிவு பண்ணிட்டேன். அவரும் பண்ணியிருப்பாரு. நாங்க கலந்து பேசல, பேசினாத்தான கலக்கறதுக்கு.

முதல் படி, கோட்டை வாசலுக்குப் போகணும். அவ்வளவுதான். இவரு எழுதியிருக்கறது: "மாலை மங்கும் நேரத்தில், அலைகள் ஓய்ந்த கரையோரமாக..." ஐயா, ஆடறவனுக்கு வாசல் எங்கன்னு தெரியணும், அலை ஓஞ்சுதா ஓயலையான்னு எவன் கேட்டான்? ஒரு அம்பு போட்டேன். முடிஞ்சுது.

நாலு வரிக்கு மேல போகக் கூடாதுன்னதும் மனுசன் வரியை இழுத்து இழுத்து நீட்டறாரு. நாலாவது வரி பக்கத்து வீட்டுல போயி முடியுது.

ஜூன் 8, ஞாயிறு

சொல்ல வேண்டியதைச் சுவத்துக்கிட்ட சொல்றது எவ்வளவு வசதி. "கேஸ் தீந்துருச்சு, புக் பண்ணோணும்"னு சுவத்தைப் பாத்துச் சொன்னேன். சித்த நேரம் கழிச்சு பிரிட்ஜைப் பாத்து ஒரு குரல், "புக் பண்ணியாச்சு, நாளைக்கு வரும்."

எங்க வீட்டுச் சுவரும் பிரிட்ஜும் நல்லா ஒத்துப் போகுதுக.

அப்புறம் பிரிட்ஜுக்கிட்டயே இன்னொண்ணும் கேட்டாரு: "ஏழாவது படியில நாலு படம் இருக்குதே, கதவுக்கு ஜாதகம் பாக்கறாங்களா?" நான் படத்தை ரெண்டாக் குறைச்சேன். இவரு சொன்னதுக்காக இல்ல, அறுபதுக்குள்ள நிக்கணுமே.

ஜூன் 10, செவ்வாய்

நாப்பத்து மூணாவது படி என் உசுரை எடுக்குது.

ஒரு அறை. ஏழு மணி வரிசையாத் தொங்குது, அதுக்குப் பின்னால பந்தம் எரியுது. சரியான மணியை அடிச்சா கதவு திறக்கும். தப்பா அடிச்சா தரை இறங்கிக் கோட்டை வாசலுக்கே கொண்டு போய் விட்டுரும். நாலு மணி நேரம் ஆடினது போச்சு! அந்த அறை வரைக்கும் ஆடினதை நான் தனியா ஒரு சேமிப்பு போட்டு வச்சிருந்ததால தப்பிச்சேன். சாதாரணமா ஆடறவங்க அப்படி வச்சிருக்க மாட்டாங்க. அதை விடக் கொடுமை, ஒவ்வொரு ஆட்டத்துலயும் சரியான மணி வேற வேற.

மூணு மணி நேரம் மணியையே முறைச்சுப் பாத்தேன். ஏழும் ஒரே அச்சு. கடுப்பாகி மவுஸைத் தள்ளிவிட்டதுல ஆளு அப்படியே திரும்பிட்டான். எதிர் சுவத்துல நிழல். எண்ணினேன். ஆறு!

"ஆறுதான் இருக்குது! ஒண்ணுக்கு நிழலே இல்ல!"ன்னு கத்திட்டேன். கம்ப்யூட்டர்கிட்டதான் கத்தினேன். எதிர்ல உக்காந்திருந்தவரு நிமிந்து பாத்தாரு. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. நானும் சிரிச்சிருப்பேன்னு நினைக்கறேன். உடனே ரெண்டு பேருக்கும் ஞாபகம் வந்து குனிஞ்சுக்கிட்டோம்.

படம் எடுக்கறது அதுக்கு மேல. மணியும் நிழலும் ஒரே சட்டத்துல வரணும்னா உடைஞ்ச தூண் மேல ஏறி, அங்கிருந்து குதிச்சு, நடுவானத்துல படம் எடுக்கற பட்டனைத் தட்டணும். எத்தனை தடவை விழுந்தேன்னு கணக்கே இல்ல. கடைசியில வந்துச்சு பாரு ஒண்ணு, ஏழு மணி, ஆறு நிழல், காலியா ஒரு இடம். வட்டம் வேண்டாம், அம்பு வேண்டாம். நாலு வருசத்துல நான் எடுத்ததுலயே இதுதான் படம். இது ஒண்ணுக்கே ஓட்டு விழும்.

திரும்பிப் பாத்தா மேசை மேல டீ இருந்துச்சு. யாரு வச்சாங்கன்னு நான் கேக்கல.

ஜூன் 12, வியாழன்

நாப்பத்து மூணுக்கு இவரு எழுதினதைத் திறந்து பாத்தேன். எதிராளி என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கணுமில்ல.

பரவாயில்ல.

எழுத்துப்பிழை இருக்குதான்னு இன்னொரு தடவை பாத்தேன். இல்ல. சாப்பிட்டு வந்து மறுபடி பாத்தேன். அப்பவும் இல்ல.

ஜூன் 14, சனி

பீரோவுல மின்சார அட்டையைத் தேடினப்ப இவரு துணிக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் கவர் கிடைச்சுது. உள்ள எங்க வழிகாட்டிகளோட முதல் பக்கம், அச்செடுத்து, நாலா மடிச்சு. மொத்தம் முப்பத்தொண்ணு. ஒவ்வொண்ணுலயும் 'எழுத்து: தனபால்' இருக்கற இடத்துல மெல்லிசா பென்சில் கோடு.

ஜவுளிக்கடையில ஒம்பது வருசம் பில்லு போட்ட மனுசன். அங்க எந்தக் காகிதத்துலயும் இவரு பேரு வந்ததில்ல, கடை பேருதான் வரும். எனக்கென்ன, கல்யாண ஆல்பம் பண்ற கடையில எப்ப வேணாலும் கூப்பிடுவாங்க. இவரை எவன் கூப்பிடுவான், அலை ஓஞ்சுதான்னு எழுதறதுக்கு?

கவரை இருந்த இடத்துலயே வச்சுட்டேன். மின்சார அட்டை அரிசி டப்பா மேல இருந்துச்சு.

ஜூன் 15, ஞாயிறு

எண்ணிப் பாத்தேன், படம் அறுபத்தொண்ணு இருந்துச்சு. ஒண்ணைக் குறைக்கணும். நாப்பத்து மூணாவது படியோட படத்தைத் தூக்கிட்டேன். அங்கதான் நாலு வரி நல்லா விளங்கற மாதிரி இருக்குதே. வேற காரணம் ஒண்ணும் இல்ல. சைட்டுல இடம் அடைக்க வேண்டாம்னு குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன்.

சாயங்காலம் உளுந்து ஊறப் போட்டேன்.

ஜூன் 16, திங்கள்

கீரைக்காரம்மாகிட்ட பேசிட்டு வந்தா, திருவாளர் தனபால் தன்னோட ஃபைலைத் திறந்து வச்சுக்கிட்டு ஜன்னலைப் பாத்துட்டு இருக்காரு. என்னைக் கண்டதும் படக்குனு மூடினாரு. ஏதோ தில்லுமுல்லு. கடைசி நேரத்துல எங்கயாச்சும் இன்னொரு அலையைச் சேத்திருப்பாரு.

இட்லி பூவாட்ட வந்துச்சு. ஏழு சாப்பிட்டாரு. மதியம் அனுப்பியாச்சு.

ஜூன் 17, செவ்வாய்

இன்னிக்கு நடந்ததை ஒண்ணு விடாம எழுதணும்.

காலையில ஆறு மணிக்கு வந்துருச்சு. பதினோரு மணிக்கு ஓட்டு: படம் 410, எழுத்து 290. நான் முன்னால. மனசு குதிக்கணுமில்ல, குதிக்கல. நாப்பத்து மூணு வரட்டும், இவரு ஏறிடுவாருன்னு நினைச்சேன். நல்லா வேகமா ஆடறவங்களே அந்த அறைக்கு வந்து சேர மதியம் ஆகும்.

வந்து சேந்தாங்க. பின்னூட்டம் இப்படி ஆரம்பிச்சுது:

"43-ல ஒண்ணுமே இல்லையே, எனக்கு மட்டுமா?"

"எனக்கும் வெறும் நம்பர்தான் வருது."

"மூணாவது மணிய அடிங்க நண்பா, எனக்குத் திறந்துச்சு."

"யோவ், உன்னை நம்பி மூணாவதை அடிச்சேன், வாசல்ல வந்து நிக்கிறேன்யா!"

"43-ம் படி: குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளவும்."

எனக்கு ஒண்ணும் புரியல. பக்கத்தைத் திறந்து கீழே இழுத்துட்டே போனேன். 42 இருக்கு. 44 இருக்கு. நடுவுல '43'ன்னு எழுதி, அதுக்குக் கீழ வெள்ளை. எழுத்தும் இல்ல, படமும் இல்ல. படம் இல்லைன்னு எனக்குத் தெரியும். எழுத்து எங்க போச்சு?

எதிர்ல இவரும் அதே பக்கத்தைத்தான் பாத்துட்டு இருந்தாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. பக்கத்தை மூடித் திரும்பத் திறந்தாரு. அதுக்குள்ள மேடம் வீடியோவுல வந்துட்டாங்க.

"பன்னெண்டே முக்கால் ஆச்சு. அறுபது பேரு கோட்டை வாசல்ல நின்னு என்னைத் திட்டிட்டு இருக்காங்க. இதை விட்டது யாரு?"

"நான்தான் மேடம்"னேன். அதே நேரத்துல, "நான்தாங்க மேடம்"னு இவரு.

மேடம் கண்ணாடியை ஏத்திவிட்டு எதையோ படிச்சாங்க. யாரு எப்ப எந்தப் படியில இருந்து நீக்கினாங்கன்னு சைட்டு அவங்களுக்குக் காட்டும். நீக்கின எழுத்தையோ படத்தையோ மட்டும் திருப்பித் தராது.

"ஞாயித்துக்கிழமை நாலு பத்துக்கு சுகந்தி படத்தை நீக்கியிருக்கா. திங்கக்கிழமை பதினொண்ணே காலுக்குத் தனபால் எழுத்தை நீக்கியிருக்காரு." நிமிந்தாங்க. "ஏன்ப்பா, நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருக்கீங்க?"

நான் சுவத்தைப் பாத்தேன், இவரு பிரிட்ஜைப் பாத்தாரு.

"ஒண்ணரைக்குள்ள அந்தப் படி வரணும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

என் படம் போனது போனதுதான். அந்த அறையைத் தாண்டினா சேமிப்பும் அழிஞ்சுரும், திரும்ப எடுக்க நாலு மணி நேரம் ஆடணும். இவரு ஃபைலைத் திறந்து, "ஏழு மணிகள் உள்ளன"ன்னு தட்டினாரு. அழிச்சாரு. "அறைக்குள் நுழைந்ததும்"னாரு. அழிச்சாரு. பத்து நிமிசம் போச்சு. நெத்தியைப் புடிச்சுட்டு, "எழுதினது ஞாபகத்துலயே இல்ல. எங்கயும் எடுத்து வெக்கவும் இல்ல"ன்னாரு. பிரிட்ஜைப் பாத்து இல்ல. என்னைப் பாத்து.

ஓட்டு என் பக்கம்தான் ஏறிட்டு இருந்துச்சு, 520-க்கு 345. அதையும் பாத்துட்டுத்தான் இருந்தேன்.

"எழுதுங்க"ன்னேன்.

"என்னத்தை?"

"சொல்றேன், எழுதுங்க. 'ஏழு மணிகளையும் பார்க்காதீர்கள். ஏழும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதுகைத் திருப்பிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பாருங்கள். அங்கே ஆறு நிழல்தான் விழும். எந்த மணிக்கு நிழல் இல்லையோ, அதை ஒரே ஒரு முறை அடியுங்கள். அவசரம் வேண்டாம், நீங்கள் அடிக்காதவரை தரை எங்கும் போகாது.'"

தட்டி முடிச்சாரு. அனுப்பினாரு. மணி ஒண்ணு அஞ்சு. கையைக் கீபோர்டு மேலயே வச்சுட்டு உக்காந்திருந்தாரு.

"நான் எழுதினது அப்படியே இருக்குது."

"ஆமா."

"ஒரு சொல்லு மாறல."

"எழுத்துப்பிழை பாத்தேன்."

"எத்தனை தடவை பாத்தே?"

"பிழை பாக்கறதுன்னா ஒழுங்காப் பாக்கோணுமில்லீங்க?" என்னையறியாம 'ங்க' போட்டுட்டேன். சரி, தொலையுது. "நீங்க எதுக்கு எடுத்தீங்க?"

"இருபத்தாறு தடவை விழுந்தே அந்தத் தூண்ல இருந்து. எதிர்ல உக்காந்து எண்ணிட்டு இருந்தேன். அந்தப் படத்தைப் பாத்தா படிக்கத் தெரியாதவனும் கதவைத் திறந்துருவான். அதுக்கு மேல என் நாலு வரி எதுக்கு? குறுக்கால நின்னு மறைக்கும்." கீபோர்டைத் தள்ளி வச்சாரு. "கல்யாணத்துல நான் பேசினது தப்பு சுகந்தி. பேசின அந்த நிமிசமே தெரிஞ்சுது. திருப்பி எடுக்கத் தெரியல."

அழுதுட்டேன். அழகா எல்லாம் இல்ல, மூக்கு ஒழுக ஒழுக. "இதைச் சொல்றதுக்குப் பதினாறு நாளா? எழவு வீட்டுலதான் பதினாறு நாள் காப்பாங்க!"ன்னு கத்தினேன். அவரு துண்டை எடுத்து நீட்டினாரு. அது தலை துவட்டற துண்டு, ஈரம். அதுக்கும் திட்டினேன். பதினாறு நாள் பாக்கி இருந்துச்சு, எல்லாத்தையும் திட்டித் தீத்தேன். இவரு ஒவ்வொண்ணுக்கும் "ஆமா"ன்னாரு.

எல்லாம் அடங்கினதுக்கு அப்புறம் கேட்டாரு: "நீ எதுக்கு எடுத்தே?"

"அறுபத்தொண்ணு இருந்துச்சு. ஒண்ணு அதிகம்."

"அறுபதுதான் இருந்துச்சு. நீ எடுக்கறதுக்கு முந்தின நாளே நான் எண்ணினேன்."

இந்த மனுசனுக்கு எதை எண்ணறதுன்னு ஒரு விவஸ்தை கிடையாது.

ஜூன் 18, புதன்

பேசிப் பேசித் தொண்டை கட்டிருச்சு. ஏழாவது படியில கதவுக்கு ஜாதகம்னு சொன்னதுக்கும் நேத்து விட்டுப்போன திட்டை இன்னிக்குக் கொடுத்தேன்.

பின்னூட்டத்துல ஒரு பொண்ணு எழுதியிருக்கா: "தரை எங்கும் போகாதுன்னு படிச்சதும் சிரிச்சுட்டேன், பயம் போயிருச்சு." இவருகிட்ட காட்டினேன். படிக்காத மாதிரி படிச்சாரு, நாலு தடவை.

ஜூன் 19, வியாழன்

ஆறு மணிக்கு ஓட்டு முடிஞ்சுது. எழுத்து 2,214. படம் 2,031.

மேடம் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மெயில் போட்டிருக்காங்க. வேலை தனபாலுக்கு. செவ்வாய்க்கிழமை ஒரு மணி வரைக்கும் படம்தான் முன்னால இருந்துச்சாம், நாப்பத்து மூணாவது படி ஏறினதுக்கு அப்புறம் நிலைமை தலைகீழா மாறிருச்சாம். எனக்கு இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்.

வலிக்குது. இல்லைன்னு எழுதினா இந்த நோட்டுக்கே அடுக்காது. ஆல்பம் கடைக்காரருக்குப் போன் பண்ணினேன், ஒண்ணாம் தேதி வரச் சொல்லிட்டாரு. அங்க யாரும் தூண்ல இருந்து குதிக்க வேண்டியதில்ல. மாப்பிள்ளைக்கு வெளிச்சம் கூட்டினாப் போதும்.

இவரு மெயிலைப் படிச்சுட்டு லேப்டாப்பை மூடினாரு. சந்தோசப்படத் தெரியாம நின்னாரு. நான் கத்திரிக்காய் நறுக்கிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து கீழ உக்காந்தாரு.

"நீ அன்னிக்கு வாயைத் திறக்காம இருந்திருந்தா இது உனக்குத்தான் வந்திருக்கும்."

"வாயைத் திறக்காம பதினாறு நாள் இருந்து பாத்தேனுங்க"ன்னேன். "என்னால முடியல."